பாட்டியின் நெஞ்சடைப்பும் என் ஸ்பானிய வகுப்பும்

கியா பார்ம் சந்தையில் அம்மாவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பள்ளி விடுமுறை விட்டால் சோளம், ஸ்ட்ராபெரி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாவற்றையும் எடை போட்டுப் பையில் கட்டிக் கொடுப்பது என் வேலை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகும் அந்த வேலை மாறவில்லை. வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விதான் மாறியது.

"என்னம்மா படிக்கிற?"

"உளவியல் அங்கள். கூடவே ஸ்பானிஷ்."

பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். ஒருவர் மட்டும் மனத்தில் பட்டதை மறைக்காமல் கேட்டுவிட்டார். "பைத்தியத்துக்கு வைத்தியமா? அதுவும் ஸ்பெயின்காரன் பைத்தியத்துக்கா?"

நானும் சிரித்துவிட்டுக் கீரையைக் கட்டிக் கொடுத்தேன். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. கொஞ்சம் நீளமான பதில். வார இறுதி நெரிசலில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சோளம் வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடித்துவிட்டு எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்று குழம்பிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளிடம் சொல்லலாம்.

இது என் பாட்டியிடமிருந்து தொடங்குகிறது.

பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கையால் கிள்ளிக் கூடையில் போட்ட காலத்தையும் பார்த்தவர், கத்தரி பிடித்த காலத்தையும் பார்த்தவர். எங்கள் வீட்டுப் பக்கமிருந்து பிரிஞ்சாங் மலைக்குப் போகும் குறுகிய சாலையில் ஏறினால், சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள் வரும். சுற்றுப்பயணிகள் அங்கே படம் பிடிக்க நிற்பார்கள். பாட்டிக்கு அந்தப் பச்சையைப் பார்த்தால் முதுகுவலிதான் நினைவுக்கு வருமாம்.

தாத்தா இறந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். நான் அப்போது படிவம் 1. பாட்டி சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. "மனசு பாரமா இருக்கு, நெஞ்சடைக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா காய்கறி லோரியோடு கோலாலம்பூருக்குப் போயிருந்தார். அம்மாவால் கடையை விட முடியாது. அதனால் மருந்தகத்துக்குப் பாட்டியை நான் அழைத்துப் போனேன். பாட்டிக்குச் சந்தை மலாய் நன்றாக வரும். விலை பேசுவார், சண்டையும் போடுவார். ஆனால் மனத்தில் இருப்பதை மலாயில் சொல்லிப் பழக்கமில்லை. எனவே நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"நெஞ்சடைக்குது" என்றார் பாட்டி. "சாக்கிட் டாடா" என்றேன் நான்.

பதின்மூன்று வயதில் எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். நெஞ்சு என்றால் டாடா, உடம்பு சரியில்லை என்றால் சாக்கிட். மருத்துவர் நல்லவர், இளைஞர். அவர் உடனே இசிஜி எடுத்தார், இரத்தம் எடுத்தார், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார். இருதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வயிற்றுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். நெஞ்சு அடைக்கிறது என்று வந்தவருக்கு முதலில் இருதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்று இருந்தது. அதற்கு வழியே இல்லாமல் செய்தது என் மொழிபெயர்ப்பு. 'மனசு பாரமா இருக்கு' என்ற பகுதியை நான் சொல்லவே இல்லை. அது எனக்கு நோயாகத் தெரியவில்லை.

பாட்டி அதற்குப் பிறகு மருந்தகத்துக்குப் போகவில்லை. ஏறக்குறைய ஓராண்டு வாசலில் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்டிபிஎம் முடித்து விண்ணப்பம் செய்தபோது உளவியலை முதலில் போட்டதற்கு அதுதான் காரணம். "கணக்கியல் படிம்மா, இங்க மலையிலயே வேலை கிடைக்கும்" என்றார் அப்பா. அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஸ்பானிய மொழிக்கு அப்படிப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. வெளிநாட்டு மொழி ஒன்றைத் துணைப்பாடமாக எடுக்க வேண்டியிருந்தது. நான் கேட்டது ஜப்பானியம். அங்கே இடம் நிரம்பிவிட்டது. ஸ்பானிய வகுப்பில் இடமிருந்தது. அவ்வளவுதான்.

முதல் வாரமே ஆச்சரியம். 'எனக்குத் தேநீர் பிடிக்கும்' என்பதற்கு ஸ்பானியத்தில் 'மெ குஸ்தா எல் தே' என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் வழியாகக் கற்ற நண்பர்கள் எல்லாரும் இதில் தடுமாறினார்கள். "நான் விரும்புகிறேன் என்று ஏன் நேராகச் சொல்லக் கூடாது?" என்று ஆசிரியரைக் கேட்டார்கள். எனக்குத் தடுமாற்றமே இல்லை. 'மெ' என்றால் எனக்கு. தமிழில் நாம் அப்படித்தானே சொல்கிறோம்? எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தலை வலிக்கிறது. ஸ்பானியத்திலும் தலைவலி 'எனக்கு' வலிக்கும். 'மெ துவெலெ லா கபேசா.'

இன்னும் உண்டு. 'பேசுகிறேன்' என்று சொன்னாலே 'நான்' என்பது அதற்குள் அடங்கிவிடுகிறது அல்லவா? ஸ்பானியத்தில் 'ஆப்லோ' என்ற ஒரே சொல் அந்த வேலையைச் செய்துவிடும். நீ, நீங்கள் என்ற வேறுபாடு 'தூ', 'உஸ்தெத்' என்று அங்கேயும் இருக்கிறது. நாக்கை உருட்டிச் சொல்லும் ரகரமும் நமக்குப் புதிதல்ல. மேசைக்கு 'மெசா', அலமாரிக்கு 'அர்மாரியோ' என்று படித்தபோது வகுப்பில் சிரித்துவிட்டேன். போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொற்கள் தமிழிலும் மலாயிலும் உட்கார்ந்திருக்கின்றன. போர்த்துகீசியமும் ஸ்பானியமும் உடன்பிறந்த மொழிகள்.

எல்லாமே எளிது என்று நினைத்துவிடாதீர்கள். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லோடும் பாலையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். வினைச்சொல் அட்டவணைகளால் என் இரண்டாம் பருவம் வீணாய்ப் போனது. 'இரு' என்பதற்கு 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள் வேறு. ஆனால் உளவியலும் மொழியும் எனக்கு முதன்முதலாகக் கைகோத்தது அந்த இடத்தில்தான். 'எஸ் நெர்வியோசோ' என்றால் அவர் இயல்பிலேயே பதற்றக்காரர். 'எஸ்தா நெர்வியோசோ' என்றால் இப்போது பதற்றமாக இருக்கிறார். அதே வாரம் உளவியல் வகுப்பில் ஸ்பீல்பெர்கர் என்பவர் 1970-இல் வெளியிட்ட பதற்ற அளவுகோலைப் படித்தோம். அது கேள்விகளை இரண்டாகப் பிரிக்கிறது. இந்த நேரத்தில் எப்படி உணர்கிறீர்கள் என்பது ஒன்று, பொதுவாக எப்படி உணர்வீர்கள் என்பது மற்றொன்று. விரிவுரையாளர் ஒரு மணி நேரம் விளக்கியதை ஸ்பானிய இலக்கணம் இரண்டு சொல்லில் முடித்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

இரண்டாம் ஆண்டில் டிஎஸ்எம்-5 என்ற நூல் பாடமாக வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்டது. மனநோய்களை வகைப்படுத்த உலகெங்கும் பயன்படும் கையேடு அது. அதன் பின்பகுதியில், வெவ்வேறு பண்பாடுகள் மன வேதனையைச் சொல்லும் முறைகள் என்று ஒரு சிறு சொல்லடைவு உண்டு. மொத்தம் ஒன்பது சொற்கள். அவற்றில் மூன்று ஸ்பானியச் சொற்கள்: நெர்வியோஸ், அத்தாக்கே தெ நெர்வியோஸ், சுஸ்தோ.

நெர்வியோஸ் என்றால் நேர் பொருளில் நரம்புகள். லத்தீன் அமெரிக்க மக்கள் வாழ்க்கைச் சுமை தாங்காமல் தலைவலி, தூக்கமின்மை, நடுக்கம், வயிற்றுக் கோளாறு, அழுகை எல்லாம் சேர்ந்து வரும்போது அந்தச் சொல்லைச் சொல்வார்கள். அத்தாக்கே என்பது துக்கச் செய்தியோ சண்டையோ வந்த இடத்தில் கத்தி அழுது, நடுங்கி, சில நேரம் மயங்கி விழுவது. நெஞ்சிலிருந்து சூடு தலைக்கு ஏறுவதாகச் சொல்வார்கள். சுஸ்தோ என்றால் பயம். திடுக்கிட்டுப் பயந்ததில் உயிர் உடலை விட்டு விலகிவிட்டது, அதனால்தான் நோய் என்று நம்புவார்கள். அதற்கு நாட்டு வைத்தியர் மூலிகைக் கொத்தால் உடம்பை வருடி மந்திரிப்பார்.

இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. 'புள்ள பயந்துடுச்சு' என்று சொல்லி வேப்பிலையால் வருடித் திருநீறு பூசிவிட்ட கைகள் எனக்குத் தெரியும். அதே கைகளை மெக்சிகோவில் யாரோ பார்த்து, கேட்டு, எழுதி, ஆராய்ந்திருக்கிறார்கள். அதனால் அந்தச் சொல் மருத்துவரின் மேசையில் கிடக்கும் கையேட்டில் ஏறிவிட்டது. 'நெஞ்சடைக்குது', 'மனசு பாரமா இருக்கு' என்ற நம் சொற்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

உளவியல் படிக்கும் எனக்கு ஸ்பானியம் எதற்கு என்ற கேள்விக்கு அன்றுதான் எனக்கே பதில் கிடைத்தது. தனக்குச் சொந்தமில்லாத மொழியில் மருத்துவரிடம் பேச வேண்டியவர்களைப் பற்றிய ஆய்வுகளில் மிகப் பல, அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய மொழி பேசுவோரைப் பற்றியவை. நம் தோட்டத்துப் பாட்டிகளைப் பற்றி யாராவது எழுத வேண்டுமானால், முதலில் படிக்க வேண்டியது அவற்றைத்தான்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1973-இல் மார்க்கோஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் நியூயார்க்கில் ஸ்பானிய மொழி பேசும் 10 நோயாளிகளை ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் தனித்தனியாகப் பேட்டி கண்டார்கள். அதே நோயாளிகள் ஆங்கிலத்தில் பேசியபோது அவர்களுடைய நோய் கடுமையாக இருப்பதாக மதிப்பிடப்பட்டது. தெரியாத மொழியில் சொல் தேடித் தடுமாறுவதும், நெடுநேரம் மௌனமாக இருப்பதும், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதும் நோயின் அறிகுறி போலவே தெரியும் அல்லவா?

கதை அதோடு முடிந்திருந்தால் எனக்கு வசதி. 1981-இல் பிரைஸ், குவெல்யார் ஆகிய இருவர் மெக்சிகோ வம்சாவளி நோயாளிகளிடம் செய்த ஆய்வில் முடிவு தலைகீழாக வந்தது. தாய்மொழியில் பேசியபோதுதான் நோயின் தீவிரம் கூடுதலாக வெளிப்பட்டது, மனம்விட்டுப் பேசினார்களாம். என் விரிவுரையாளர் இரண்டு கட்டுரைகளையும் ஒரே நாளில் கொடுத்து "எது சரி?" என்று கேட்டார். வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. எனக்கு இரண்டிலும் பாட்டி தெரிந்தார். மலாயில் கேட்டால் ஒற்றைச் சொல் பதில். தமிழில் கேட்டிருந்தால் ஓராண்டுத் துக்கத்தையும் கொட்டியிருப்பார். இரண்டு ஆய்வுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. எந்த மொழியில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து, எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி வேறு ஆளாகத் தெரிகிறார்.

நோயாளிகளை விடுங்கள், நம்மைப் போன்றவர்களுக்கும் அப்படித்தான். ஸ்பெயினைச் சேர்ந்த உளவியலாளர் ஆல்பெர்ட் கோஸ்தாவும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ரயில் ஒன்று ஐந்து பேரை நோக்கிப் பாய்ந்து வருகிறது. பாலத்தின் மேல் நிற்கும் ஒரு பருமனான மனிதரைத் தள்ளிவிட்டால் ரயில் நின்றுவிடும், ஐவரும் பிழைப்பார்கள். தள்ளுவீர்களா? ஸ்பானியம், ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் கேட்டார்கள். தாய்மொழியில் கேட்டபோது தள்ளுவேன் என்றவர்கள் 18 விழுக்காடு. பின்னாளில் கற்ற மொழியில் கேட்டபோது 44 விழுக்காடு. அந்நிய மொழியில் உணர்ச்சி மட்டுப்படுகிறது என்பது ஒரு விளக்கம், நிதானித்து யோசிக்கிறோம் என்பது இன்னொரு விளக்கம். அந்த விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஸ்பானிய வாய்மொழித் தேர்வில் பட்டு அறிந்தேன். 'உன் குடும்பத்தில் நடந்த ஒரு துயரமான நிகழ்ச்சியைச் சொல்' என்றார்கள். தாத்தா இறந்ததைச் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்று இரண்டுதான். கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. வெளியே வந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் "தாத்தாவைப் பத்திச் சொன்னேன்மா" என்று தமிழில் சொன்ன மறு நொடியே அழுதுவிட்டேன். உளவியல் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு புது மொழியை அடியிலிருந்து கற்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். சொல் கிடைக்காமல் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று விரிவுரையில் சொல்லித் தர முடியாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தவள் நான் முதல் ஆளும் இல்லை. உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்ட், பள்ளிப் பருவத்தில் நண்பன் எடுவார்ட் சில்பர்ஸ்டைனோடு சேர்ந்து, ஆசிரியர் இல்லாமலேயே ஸ்பானியம் கற்றார். இரண்டு பேர் மட்டுமே உள்ள ஒரு 'கழகம்' வைத்துக்கொண்டு, செர்வாந்தேஸ் கதையில் வரும் பேசும் நாய்களின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஸ்பானியத்தில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நரம்பணுக்களை ஆராய்ந்து 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்பெயின்காரர் ரமோன் இ காஹாலின் கதை இன்னும் சுவையானது. ஸ்பானியத்தில் எழுதியதால் அவரை யாரும் படிக்கவில்லை. 1889-இல் பெர்லினுக்கே நுண்ணோக்கிச் சில்லுகளோடு போய்க் காட்டினார். அதைப் பார்த்த கோலிக்கர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், காஹாலைப் படிப்பதற்காகவே ஸ்பானியம் கற்றார் என்று சொல்வார்கள். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். என் அப்பாவிடம் சொன்னேன். "அவருக்குப் பென்ஷன் இருந்திருக்கும்" என்றார்.

அப்பா சொன்னதுபோல் பிழைப்பைப் பற்றியும் பேச வேண்டும். நம் நாட்டில் பட்டம் பொதுவாக ஒரு துறையில்தான். மொழியைத் துணைப்பாடமாகவோ விருப்பப் பாடமாகவோ சேர்த்துக்கொள்ள வேண்டும். மொழியே முதன்மை என்றால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் ஸ்பானியத்தில் இளங்கலைப் பட்டம் உண்டு. தமிழும் அதே புலத்தில்தான் இருக்கிறது. பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் இரண்டையும் இணைத்தே பட்டம் தருகின்றன. அங்கே போவதாக இருந்தால், அந்த இணைப் பட்டத்துக்குப் பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மேற்படிப்புக்கு வழி அடைபடும். வகுப்பில் கற்ற ஸ்பானியத்துக்குச் சான்று வேண்டுமானால் செர்வாந்தேஸ் கழகம் நடத்தும் டெலே தேர்வு எழுதலாம். ஆறு நிலைகள், சான்றிதழ் காலாவதி ஆகாது.

உளவியல் இளங்கலை முடித்ததும் அறை போட்டு நோயாளி பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மருத்துவ உளவியலாளராக மருத்துவ உளவியலில் முதுகலை வேண்டும். அந்தத் தொழில் 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டத்தின் கீழ் வருகிறது. கவுன்சலராக வேண்டுமானால் அது தனிப் பாதை. அதற்குரிய கவுன்சலிங் பட்டம் பெற்று, 1998-ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் மூன்றாம் ஆண்டில் வருந்துகிறவர்களைப் பார்க்கிறேன். மனிதவளம், சந்தை ஆய்வு, பயிற்சித் துறை என்று போகிறவர்களுக்கு இளங்கலையே போதும். ஸ்பானியம் 20 நாடுகளில் ஆட்சிமொழி என்பதால் அங்கே அதற்கும் விலை உண்டு.

நான் முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நம் நாட்டில் 2022-இல் பதின்ம வயது மாணவர்களிடம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. அவர்களில் தமிழில் யோசிக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் எந்த மொழியில் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது என்பதுதான் நான் ஆராய விரும்பும் தலைப்பு.

போன பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது, அடுப்படியில் பாட்டியோடு உட்கார்ந்து பழைய கதையைக் கிளறினேன். வெளியே மழை. பாட்டி தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார்.

"பாட்டி, அப்ப நெஞ்சடைக்குதுன்னு சொன்னீங்களே, வலிச்சுதா?"

"வலியா? யாரு சொன்னா வலின்னு?" என்றார். "வலியெல்லாம் இல்ல பாப்பா. காலைல எந்திரிச்சா தாத்தாகிட்ட ஏதாச்சும் சொல்லணும்னு வாய் வரும். ஆளு இல்லேன்னு ஞாபகம் வரும். சொல்ல வந்தது பாதியில நின்னுக்கும். அதான் அடைக்குது."

எட்டு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் தலையைக் குனிந்துகொண்டு குவளையையே பார்த்தேன். அவர்தான் பேச்சை மாற்றினார்.

"ஒங்க ஸ்பெயின்காரவங்க இத எப்படிச் சொல்வாங்க?"

"செ மெ ஒப்ரிமெ எல் பெச்சோ. எனக்கு நெஞ்சு அழுந்துதுன்னு அர்த்தம்."

"நெஞ்சுக்கு என்னா பேரு?"

"பெச்சோ."

"பேச்சா?" என்றார் பாட்டி. இன்னொரு முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "நெஞ்சுக்குப் பேச்சுன்னா பேரு வச்சிருக்காங்க? வெவரமான ஆளுங்கதான்." பிறகு எனக்கும் ஒரு குவளை ஊற்றி நீட்டினார்.